வாவிக்குள் கிடந்த பழைய பாதை

காலை ஆறு பத்துக்குச் செங்கலடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். கட்டணம் இருநூற்றுப் பத்து ரூபாய். வழியில் நான்கு இடத்தில் எங்களை இறக்கி, வரிசையாக நடக்கவிட்டு, மறுபடி ஏற்றினார்கள். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் என்பதால் சோதிக்கிறவர்கள் சிரித்த முகத்தோடு சோதித்தார்கள். அதுதான் சமாதானத்தின் முதல் பலன் என்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார். பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தக் கட்டுரையில் ஒரு குறை இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன தூரம், கொடுத்த காசு, குடித்த தேநீர் எல்லாம் சரியாக எழுதுவேன். நான் போன ஊரின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், வவுணதீவுப் பக்கம், ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை எல்லாவற்றையும் பெயரோடு எழுதிக்கொடுத்து நான் செய்த வேலை போதும்.

நான் வத்தளைக்காரி. தண்ணீர் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் பதினொரு வருடமாக வேலை. வெளிநாட்டுக் காசில் நடந்த ஒரு திட்டத்துக்கு என்னை இரவல் கொடுத்திருந்தார்கள். திட்டத்தின் பெயர் ஒன்றரை வரி வரும். சுருக்கமாகச் சொன்னால், வாவியும் அதில் வந்து விழும் ஆறுகளும் எவ்வளவு சுகமாக இருக்கின்றன என்று கரையில் வாழும் மக்களையே கேட்டு எழுதுவது. கேட்டு முடிந்தபின் அவர்களைக் கொண்டே ஒரு பெரிய படம் வரைவிக்க வேண்டும். படத்தின் அடியில் எல்லோரும் பெயர் எழுதி, அடையாள அட்டை இலக்கம் போட்டு, கையொப்பம் வைக்கவேண்டும். அப்போதுதான் படம் மக்களுடையதாகும் என்பது எங்கள் ஆலோசகரின் கட்சி. அவர் நல்ல மனிதர். மூன்று கண்டங்களில் ஆறு பார்த்தவர். தமிழில் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது.

சந்தியில் வானோடு நின்றார் ஜவாத். காத்தான்குடிக்காரர், ஐம்பது வயதிருக்கும், மூன்று நாளைக்கு எனக்குச் சாரதி. இரண்டு பிளேன்ரீ, பால் விடாத தேநீர், வாங்கினார். ஒன்று ஐந்து ரூபாய். வந்தாறுமூலைக்குப் போய், பல்கலைக்கழக வளாகத்தில் எனக்காக வைத்திருந்த நீர் சோதிக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு, தெற்கே பதினைந்து கிலோமீற்றர் ஓடி டவுனுக்குள் வந்தோம். புளியந்தீவின் கோட்டைச் சுவர் தெரிந்த இடத்தில் வானை ஓரம் கட்டி, "அங்கால பாதையால போவமா, பாலத்தால போவமா மிஸ்?" என்று கேட்டார்.

"பாதை நடக்கிறவர்களுக்கு. வானில் போகிறவர்களுக்கு ரோட்டு இருக்கிறதுதானே?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மிஸ் நல்ல பகிடிக்காரி. பாதையெண்டா மண்முனைத்துறைக்குக் கிறுகணும், சுத்து. பாலத்தாலயே போவம்."

கிறுகுதல் என்றால் திரும்புதல் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். என்ன பகிடி செய்தேன் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

ஒன்பது இருபது. வாவிக்கரைச் சோதனைச்சாவடி. இதற்கு இந்தப் பக்கம் அரசாங்கம், அந்தப் பக்கம் இயக்கம். ஊர்ச் சனத்துக்கு அந்தப் பெயர்களெல்லாம் பிறகு வந்தவை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. ஜவாத் வானின் எஞ்சினை நிறுத்தினார். தான் இதற்குமேல் வரமுடியாது என்றார்.

"எங்கட வாப்பாட வயல் அங்கால இரிக்கி மிஸ். பத்துப் பன்னிரண்டு வருசமா எனக்கு அந்த வட்டைக்குள்ள கால் வைக்க ஏலா. முஸ்லிமெண்டா அங்கால போய் வயல் செய்யிற காலம் இல்ல இது." வட்டை என்பது வயல் நிலப் பரப்பு. ஸ்டியரிங்கைத் தட்டியபடி, "நீங்க கீறுற படத்தில எங்கட வட்டையும் வருமா?" என்று கேட்டார்.

மக்கள் கீறினால் வரும் என்றேன். எங்கள் அலுவலகத்தில் படித்த பதில்.

சாவடிக்கு அப்பால் உழவுமெசின் பெட்டியில் எனக்காகக் காத்திருந்தவர் தவமணியக்கா. ஊர் மீனவர் சங்கத்தின் செயலாளர். வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அத்தாங்கு என்ற கைவலையால் இறால் அள்ளி, டவுன் சந்தையில் விற்கிறவர். கணவர் இல்லை. எப்படி இல்லை என்று நான் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் அப்படிக் கேட்பது வழக்கமில்லை என்று போன அரை மணி நேரத்திலேயே விளங்கிவிட்டது. எட்டுக் கிலோமீற்றர் தூரத்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. ரோட்டென்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாக அங்கங்கே தார் தெரிந்தது.

பத்தரைக்கு மீனவர் சங்கக் கொட்டிலில் கூட்டம் தொடங்கியது. இருபத்துமூன்று பேர். நான் எடுத்த எடுப்பிலேயே 'நீரேந்து பிரதேசம்' என்று ஆரம்பித்தேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. 'வாவி' என்றேன். சிலர் தலையாட்டினார்கள். 'ஆறு' என்றேன். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மட்டக்களப்பார் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள் என்று கொழும்பிலேயே விசாரித்து வைத்திருந்தேன். அந்த ஒரு சொல் தெரிந்ததால் இந்த ஊர்த் தமிழ் முழுவதும் எனக்குக் கைவந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். மடைச்சி.

"உங்கள் ஆற்றின் சுகத்துக்கு நூறில் எத்தனை புள்ளி கொடுப்பீர்கள்?" முதல் கேள்வி இதுதான்.

 வீச்சுவலைக்காரர் ஒருவர், "எந்தக் கரையில நிண்டு போடுற மிஸ்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வாங்கில் காற்சட்டையும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவரை எனக்கு யாரும் அறிமுகம் செய்யவுமில்லை. இயக்கத்து ஆள், அறிமுகம் தேவைப்படாதவர் என்று நானே விளங்கிக்கொண்டேன்.

சனம் பேசத் தொடங்கியபின் நான் எழுதி முடியாமல் கை வலித்தது. வட்டைக்கு மருந்தடித்த மூன்றாம் நாள் வாய்க்கால் வாயில் இறால் மிதப்பது, முகத்துவாரத்தை வெட்டிவிடப் பிந்தினால் தண்ணீர் புளித்துப்போவது, ஆற்றுவாழை என்ற மிதக்கும் பூண்டு படர்ந்தால் தோணி போகாதது, மாரித் தண்ணீர் எந்த வாய்க்காலால் முதலில் இறங்கும் என்பது. எங்கள் ஆய்வுகூடம் பத்து வருடம் மாதிரி எடுத்தாலும் கிடைக்காத விஷயம் ஒரே காலையில் கிடைத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதினான்காவது கேள்வி: கரையோரச் சதுப்பில் நிற்கும் கண்ணா மரங்கள் ஏன் குறைந்தன? விறகு, இறால் பண்ணை, கட்டட வேலை என்று மூன்று விடை அச்சடித்திருந்தது. எதிர்க் கரையில் இராணுவம் ஒளிவு மறைவு இருக்கக்கூடாது என்று ஒரு மைல் நீளத்துக்கு மரத்தைத் தறித்திருந்ததை நான் வரும்போதே பார்த்திருந்தேன். இந்தப் பக்கக் கரையில் பதுங்குகுழிக்குத் தடி வெட்டிய அடிக்கட்டைகளும் தெரிந்தன. இருபத்துமூன்று பேரும் 'விறகு' என்றார்கள். "வேற என்ன எழுதுற?" என்றார் ஒரு பெண், கடைசி வாங்குப் பக்கம் பார்க்காமல். நான் விறகு என்றே எழுதினேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தவமணியக்கா என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார். நான் பெட்டியைத் திறந்து, கம்பியைத் தண்ணீரில் விட்டு, உப்பின் அளவு வரும்வரை காத்திருப்பேன். அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்து, "இஞ்ச சவர் குறைவு" என்பார். அடுத்த இடத்தில், "இது கூட." என் கருவி ஒவ்வொரு முறையும் அவர் சொன்னதையே, ஒரு நிமிடம் பிந்திச் சொன்னது. நான்காவது இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"என்னகா சிரிக்கிற?" என்றார். காலையில் 'மிஸ்' என்றவர், அப்போதுதான் முதல்முறை 'கா' போட்டுப் பேசினார். ஒருத்தியை நெருக்கமாக நினைத்தால்தான் அந்தச் சொல் வரும்.

திரும்பும்போது தன் மகளைப் பற்றிச் சொன்னார். சுகந்திக்குப் பதினைந்து வயது. ஒன்றரை வருடமாகப் புளியந்தீவில் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் விட்டுப் படிப்பிக்கிறார். "இஞ்ச வைச்சிருந்தா இயக்கத்துக்கு வீட்டுக்கொரு ஆள் எண்டு கேட்டு வருவாங்க. எனக்கு இரிக்கிறதே அவ ஒருத்தி. நான் ஒவ்வொரு ஞாயிறும் இறால் கொண்டு போறன், வித்துப்போட்டு மறுகா புள்ளயப் பாக்கிறன். என்ன பாக்காட்டி அவ அங்க நிக்கமாட்டாகா. ரெண்டு கிழமை நான் காய்ச்சலில கிடந்ததுக்கே வெளிக்கிட்டு வந்திட்டா. பேசி, அடிச்சு, திருப்பிக் கொண்டு விட்டன்."

நடு வாவியில் ஓரிடத்தில் தோணியை நிறுத்தித் தடியைத் தண்ணீருக்குள் விட்டுக் குத்தினார். 'டொக்' என்று கேட்டது.

"இதுதான் பழைய பாதை. கன காலமாக் கிடக்கு. ஓராவும் திரளியும் இதுக்குக் கீழதான் ஒதுங்குற. இதுக்க மீன் நிக்கிற மட்டும் ஆறு சாகல்ல எண்டு நாங்க பாத்துக்கொள்ளுற."

கலங்கல் தண்ணீரில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கல் பதித்த பாதை ஒன்று மூழ்கிக் கிடக்கிறது என்று நினைத்தேன். அருமையான குறிப்பு என்று மனம் துள்ளியது. அந்தக் காலத்தில் சனம் நடந்து கடக்கும் அளவுக்கு வாவியில் தண்ணீர் குறைவாக இருந்திருக்கிறது! ஆலோசகருக்கு எழுதவேண்டிய பந்தி தோணியிலேயே தயாராகிவிட்டது.

நான்கு மணி. நான்கு பெரிய தாளை ஒட்டித் தரையில் விரித்தோம். அந்தச் சனம் கீறிய படத்தைப் போல ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. துறைகள், வாய்க்கால் வாய்கள், கண்ணாக் காடு மிஞ்சிய இடங்கள். தண்ணீரின் ஆழத்தை முழங்கால், இடுப்பு, கழுத்து, ஆள்மூழ்கல் என்று உடம்பை வைத்தே குறித்தார்கள். மேற்கே ஒரு மூலையில் 'வெறும் வட்டை' என்று எழுதினார்கள். யாருடையது என்று கேட்டேன். "இப்ப ஆருமில்ல" என்றார்கள். தவமணியக்கா எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே புள்ளிக்கோடு ஒன்று இழுத்து, அதன்மேல் 'பழைய பாதை' என்று வடிவான எழுத்தில் எழுதினார். ஆலோசகர் வாசிக்கவேண்டுமே என்று ஒவ்வொரு பெயருக்குக் கீழும் நான் சிவப்புப் பேனாவால் ஆங்கிலம் எழுதினேன். அந்தக் கோட்டுக்குக் கீழே 'ஓல்ட் பாத்'.

கையொப்பம் வைக்கும்போது வீச்சுவலைக்காரர் தயங்கினார். "பேர் போடாம விட ஏலாதா மிஸ்?"

பெயர் இருந்தால்தான் படம் உங்களுடையது, நாளைக்கு யாரும் வந்து தாங்கள் கீறியது என்று சொல்லமுடியாது என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். நன்றாகவே பேசினேன். ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. பிறகு தவமணியக்கா எழும்பி, "ஆத்துக்காகத்தானே கேக்கிறா. போடுங்க" என்று சொல்லி முதலில் தன் பெயரை எழுதி, இலக்கத்தையும் மனப்பாடமாகப் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்கள் போட்டார்கள்.

கடைசி வாங்குக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நல்ல படம். எங்களுக்கும் ஒரு பிரதி வேணும்." கொழும்பில் எடுத்து அனுப்புகிறேன் என்றேன். அந்த நேரத்திலாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். ஆற்றின் சுகம் விசாரிக்கிற முகம் அவருக்கு இல்லை.

மறுநாள் காலை பிட்டும் இறால் சொதியும் தந்து என்னை அனுப்பினார் தவமணியக்கா. வறுத்த இறால் அடைத்த ஒரு பால்மாத் தகர ரின்னை என் கையில் வைத்தார். "சுகந்திக்கிட்டக் குடுங்க. அம்மா ஞாயிறு வாறனாம் எண்டு சொல்லுங்க. அயத்துப் போயிராதீங்ககா." அயத்துப்போதல் என்றால் மறத்தல். அதையும் எழுதிக்கொண்டேன். விளங்காத சொல்லையெல்லாம் எழுதிவைத்தேன். விளங்கியது என்று நினைத்த சொல்தான் காலை வாரியது.

எட்டு நாற்பது. சாவடியில் பையைத் திறந்தார்கள். தண்ணீர்ப் போத்தல்கள், கருவி, இறால் ரின். பிறகு சுருட்டிய படம். சிப்பாய் அதை விரித்தான், மடித்தான், உள்ளே கொண்டுபோனான். பத்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இருந்த அதிகாரி இளம் வயது, மரியாதைக்காரர். கதிரை போட்டு, தேநீர் தந்து, ஆங்கிலத்தில் பேசினார். படத்தை மேசை நிறைய விரித்து, மெல்லக் குனிந்து, என் சிவப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். "மிக நல்ல வேலை. இவ்வளவு விபரமான படம் எங்களிடமே இல்லை" என்றார். உண்மையாகவே பாராட்டினார். 

விரல் புள்ளிக்கோட்டில் நின்றது. "இந்தப் பழைய பாதை என்றால் என்ன?"

நான் சிங்களத்தில் விளக்கினேன். நடந்து கடக்கும் பாதை, கல் பதித்தது, இப்போது தண்ணீருக்குள் கிடக்கிறது, நேற்று எனக்குத் தடியால் குத்திக் காட்டினார்கள் என்றேன். பக்கத்தில் 'இடுப்பளவு' என்று இருந்தது. அதையும் நானே மொழிபெயர்த்து எழுதியிருந்தேன். அவர் அந்தச் சொல்லையும் பார்த்தார், கோடு முடியும் இடத்தையும் பார்த்தார். எழுவான்கரையில் அது முடிந்த இடத்திலிருந்து அவருடைய முகாம் நடந்துபோகும் தூரம்.

"இதை யார் கீறியது?"

நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அடியில் இருபத்துமூன்று பெயர், இருபத்துமூன்று இலக்கம். முதலாவது பெயரை, அதற்குக் கீழே நான் எழுதியிருந்த ஆங்கிலத்தில், அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

என்னைத் தெரியும் என்று சொல்வதற்காக, என்னை ஏற்றிப்போக வந்து நின்ற ஜவாத்தை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தார். 'வெறும் வட்டை' அவர் கண்ணில் முதலில் பட்டிருக்கவேண்டும். உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு புள்ளிக்கோட்டைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி மெதுவாக, "மிஸ், என்ன எழுதி வைச்சிருக்கீங்க? இது பாதை! ரெண்டு தோணியச் சேத்துக் கட்டி, மேல பலகை அடிச்சு, ஆக்களையும் மாட்டையும் ஏத்தி இறக்கிற பாதை. மண்முனையில ஓடுறதும் அதுதானே! இது முந்தி ஓடினது. தாண்டு போச்சு. நான் சின்ன வயசில வாப்பாவோட போயிரிக்கன்" என்றார்.

அப்போதுதான் அவர் செங்கலடியிலிருந்து வந்த வழியில் கேட்ட கேள்வி எனக்கு விளங்கியது. பாதையால போவமா, பாலத்தால போவமா. தவமணியக்காவின் தடி குத்தியது கல்லை அல்ல, ஊறிப்போன பலகையை. இரண்டு எழுத்துச் சொல். எனக்குத் தெரிந்த சொல் என்பதால் நான் யாரிடமும் கேட்கவில்லை.

அதிகாரியிடம் திருத்தம் சொன்னேன்.  என் சிவப்புப் பேனாவால் 'பாத்' என்பதை வெட்டி மேலே 'ஃபெரி' என்று எழுதினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியென்றால் இந்த இடத்தில் ஒரு படகுச் சேவை இருக்கிறது."

"இருந்தது. மூழ்கிவிட்டது."

"நடக்கும் பாதை என்று சற்றுமுன் நீங்கள்தான் சொன்னீர்கள். இப்போது படகு. படகென்றால் யாருடைய படகு?"

அதன்பின் நான் சொன்ன ஒவ்வொரு உண்மையும் அவருக்குப் புதிய பொய்யாகவே பட்டிருக்கும். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. பதினொரு மணிக்கு என்னை விட்டார்கள். படத்தை வைத்துக்கொண்டார்கள். அதற்கு ஒரு பற்றுச்சீட்டு எழுதி, முத்திரை குத்தித் தந்தார்கள். திரும்பிப் போய்த் தவமணியக்காவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். இன்றைக்கு முடியாது என்றார்கள்.

பிற்பகல் ஒன்றரைக்கு ஜவாத் என்னைப் புளியந்தீவில் ஒரு ஒழுங்கைக்குள் கொண்டுபோய் விட்டார். சுகந்தி பள்ளிச் சீருடையோடு ஓடி வந்தாள். ரின்னைத் திறந்து மணந்து பார்த்தாள். "அம்மா ஞாயிறு வருவாவா மிஸ்?" என்று கேட்டாள். ஜவாத் வானின் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

"வருவா" என்றேன்.

படுவான்கரைக்குப் போகிற யாரிடமாவது படம் பறிபோன செய்தி சொல்லி அனுப்புவதாக ஜவாத் பொறுப்பெடுத்தார். சொல்லியும் அனுப்பினார் என்று பிறகு தெரிந்தது. அன்று பின்னேரம் ஐந்தே காலுக்குக் கொழும்பு பஸ்ஸில் ஏறினேன். மூன்றாம் நாள் வேலை இரத்தானது என்று அலுவலகத்துக்குச் சொன்னபோது, கருவி பத்திரமா என்று கேட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து மறுபடி அதே வழியால் வந்தேன். கட்டணம் இருநூற்று முப்பதாகியிருந்தது. சாவடிகளில் சிரிப்புக் குறைந்திருந்தது. மடியில் நாற்பது பிரதி அறிக்கை. படத்தை ஒரு மாதத்தில் நன்றிக் கடிதத்தோடு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆலோசகர் அதைப் பளபளப்பான தாளில், நான்கு நிறத்தில் அச்சடித்துவிட்டார். என் சிவப்புத் திருத்தமும் அப்படியே அச்சாகியிருந்தது. வாவியின் சுகம்: மத்திமம். மரங்கள் குறையக் காரணம்: விறகு. இந்த அறிக்கையை மக்களிடம் கையளிக்கத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள்.

ஜவாத் அதே இடத்தில் நின்றார். இந்த முறை தேநீர் வாங்கவில்லை. வானில் ஏறிய பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

படத்தைப் பறித்த வாரம் வந்த ஞாயிறு, செய்தி கிடைத்தும் தவமணியக்கா இறால் கூடையோடு சாவடிக்கு வந்திருக்கிறார். மகள் பார்த்துக்கொண்டிருப்பாள் அல்லவா? காலை எட்டிலிருந்து பிற்பகல் நான்கு வரை வைத்து விசாரித்திருக்கிறார்கள். பாதை எங்கே, யார் ஓட்டுவது, யார் ஏறுவது. இறால் வெயிலில் கெட்டுப்போனது. இனிமேல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறும் வந்தார்; உள்ளே விடக்கூடாதவர்களின் பட்டியலில் பெயர் இருந்தது. அவர் இறால் அள்ளும் துறைக்கு நேரே எதிர்க் கரையில் முள்கம்பி அடித்து, தண்ணீரில் ஆளைக் கண்டால் சுடுவோம் என்று அறிவித்துவிட்டார்கள். அவருடைய ஊர் ஆட்கள் வேறு வகையாகவும் கேட்டிருக்கிறார்கள்: படத்தை ஏன் சாவடிக்காரர்களிடம் கொடுத்தாய் என்று.

"மூணாம் ஞாயிறு புள்ள என்னத் தேடி வந்தது மிஸ். ரின் கொண்டுபோய்க் குடுத்த அண்டைக்கு என்ர வானப் பாத்து வைச்சிரிக்கி. அம்மாவப் பாக்கணும், சாவடி மட்டும் கொண்டு விடுங்க எண்டு அழுதது. நான் போகவேணாம் எண்டன். கேட்டாத்தானே! பாத்திட்டுப் பின்னேரம் வந்திருவன் எண்டது. நான்தான் கொண்டு விட்டன்." எதிரே வந்த லொறிக்கு வழி விட்டார். "அதிட பேர் பட்டியலில இல்ல. ஒருத்தரும் மறிக்கல்ல. நான் அஞ்சு மணி மட்டும் நிண்டன்."

"பிறகு வந்தாளா?"

"இல்ல மிஸ்."

"தவமணியக்காவிடமாவது இருக்கிறாளா?"

"பத்து நாள் இரிந்ததாம். மறுகா வீட்டுக்கொரு ஆள் எண்டு வந்து கூட்டிக்கொண்டு போயிட்டாங்களாம்."

வானை நிறுத்தச் சொன்னேன். இறங்கி ரோட்டோரம் நின்றேன். அழுகை வரவில்லை, என்னை நானே அறையவேண்டும் போலிருந்தது. நான் அந்தப் பக்கம் போகிறேன், அவரைப் பார்க்கவேண்டும் என்றேன்.

"போகாதீங்க. அந்த மனுசி சொல்லி அனுப்பிரிக்கா. உங்களில கோவம் இல்லையாம். இனி எங்களப் பத்தி ஒண்டும் எழுத வேணாமாம்."

ஊர்ப் பெயர் இல்லாமல் இதை எழுதுவது அந்தச் சொல்லை அரைவாசியாவது காப்பாற்றத்தான். தவமணி, சுகந்தி என்பவையும் நான் வைத்த பெயர்கள். மீதி அரைவாசியை மீறியதற்கு என்னிடம் நியாயம் இல்லை. பேசாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நாற்பது பிரதியையும் யாருக்கும் கொடுக்காமல் திருப்பிக் கொண்டுவந்தேன். வத்தளையில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் களனி ஆறு. அது நாறுகிறது. நான் சோதித்திருக்கிறேன், வாவியோடு ஒப்பிட்டால் அது கடும் நோயாளி. ஆனால் எங்கே ஆழம், எங்கே இறங்கலாம், தோணி எங்கே நிற்கும் என்று யார் வந்து கேட்டாலும் கரையில் குளிக்கிறவர்கள் சோப்பு நுரையோடு கையை நீட்டிக் காட்டுவார்கள். காட்டிவிட்டு மறந்துவிடுவார்கள்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருபத்துமூன்று பேரின் பெயரையும் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள், நன்றி என்ற தலைப்பின் கீழ். செயலாளர் என்பதால் அவருடைய பெயர் முதலில் இருக்கிறது. படத்துக்கு ஆங்கிலம் எழுதியவளின் பெயர் எங்கும் இல்லை. 'மொழிபெயர்ப்பு: கள உத்தியோகத்தர்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.